171, 183: ஒரே வண்டியின் இரண்டு டைனோ ஷீட்டுகள்

என் மேஜை இழுப்பறையில் இரண்டு தாள்கள் ஒன்றாக மடித்துக் கிடக்கின்றன. இரண்டும் என் சுஸூகி ஹயபூசா பைக்கின் டைனோ ஷீட், அதாவது வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் தரும் தாள். முதல் தாள் 2022 மே மாதம் சென்னையில் எடுத்தது, 171 எச்பி. இரண்டாவது 2023 டிசம்பரில் பெங்களூரில் எடுத்தது, 183 எச்பி. நடுவில் வண்டிக்கு இரண்டு ஸ்லிப்-ஆன் சைலன்சரும் புது ஏர் ஃபில்டரும் போட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை ரீமேப் செய்திருந்தேன், அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் தீர்மானிக்கும் மேப்பை மாற்றியிருந்தேன். ஏறத்தாழ இரண்டு லட்சம் செலவு. பன்னிரண்டு எச்பி கூடியிருக்கிறது என்று நம்பினேன், நண்பர்களிடம் சொன்னேன், அவர்களில் ஒருவர் என் பேச்சை நம்பி அதே வேலையைத் தன் வண்டிக்கும் செய்துகொண்டார். அதனால்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பன்னிரண்டில் ஏழு என் வண்டிக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

சந்தேகம் வந்தது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். 2024 மார்ச்சில் ஒரு டிராக் டே. நண்பர் ஒருவர் அதே மூன்றாம் தலைமுறை ஹயபூசாவில் வந்திருந்தார், எதையும் தொடாத கம்பெனி வண்டி. அவர் எடையும் என் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. நேர்ப்பாதையில் மூன்றாவது கியரில் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து போய், கையைக் காட்டியதும் இருவரும் திராட்டிலை முழுவதும் திறந்தோம். என் முன்சக்கரம் அவர் முன்சக்கரத்துக்கு அரை அடிகூட முன்னால் போகவில்லை. ஒருவேளை நான் தாமதமாகத் திறந்தேனோ என்று மறுபடி ஒன்று. அதே கதை. வண்டியை மாற்றிக்கொண்டும் பார்த்தோம். கீழ் ஆர்பிஎம்மில் என் வண்டி கொஞ்சம் முந்துகிறது என்று அவர் சொன்னார், மேலே போகப் போக இரண்டும் ஒன்றுதான். பன்னிரண்டு எச்பி வித்தியாசம் என்றால் இப்படி இருக்காது.

அன்று ராத்திரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை நான் கிராஃபின் உச்சியையும் அதற்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணையும் மட்டும்தான் பார்த்திருந்தேன். தாளின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். சென்னைத் தாளில் ‘எஸ்ஏஇ, 1.04’ என்று இருந்தது. பெங்களூர்த் தாளில் ‘எஸ்டிடி, 1.18’. விஷயம் முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள, முதலில் டைனோ என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். பைக் பட்டறைகளில் அதிகம் இருப்பது இனர்ஷியா வகை. சில நூறு கிலோ எடையுள்ள இரும்பு டிரம், அதன் மேல் பின்சக்கரம். வண்டியை ஸ்ட்ராப் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு கியரில் திராட்டிலை முழுவதும் திறந்தால் சக்கரம் டிரம்மைச் சுழற்றும். இப்படி ஒருமுறை ஓட்டுவது ஒரு ரன். வீட்டில் பெரிய கிரைண்டர் கல் சுற்றத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மோட்டார் வலுவாக இருந்தால் கல் சட்டென்று வேகம் பிடிக்கும், இல்லையென்றால் முனகிக்கொண்டே ஏறும். டிரம்மின் எடையும் விட்டமும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வேகம் எத்தனை நொடியில் எவ்வளவு ஏறியது என்பதை வைத்துச் சக்தியைக் கணக்குப் போடுகிறது. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. இரும்பின் எடை வருடத்துக்கு வருடம் மாறாது, எனவே டிரம் தன்னளவில் பொய் சொல்வது அபூர்வம். என் இரண்டு தாள்களும் ஒரே கம்பெனியின் டிரம்மில் எடுத்தவை. குழப்பம் டிரம்முக்கு வெளியில் இருந்தது.

எஞ்சின் காற்றைக் குடித்து வேலை செய்யும் பொருள். காற்று அடர்த்தியாக இருந்தால் அதிக ஆக்சிஜன், அதிக சக்தி. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 910 மில்லிபார்தான், சென்னையில் ஆயிரத்துச் சொச்சம். எனவே ஒரே வண்டி பெங்களூரில் குறைவாகத்தான் காட்டும். இதைச் சமன் செய்யத்தான் திருத்தக் காரணி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ‘இன்றைய காற்றில் வந்த எண்ணை, ஒரு பொதுவான காற்றில் எவ்வளவு வந்திருக்கும் என்று மாற்றிச் சொல்’ என்பதுதான் அதன் வேலை. அந்தப் பொதுவான காற்று எது என்பதில்தான் சிக்கல். எஸ்ஏஇ ஜே1349 என்ற முறை 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர்ந்த காற்றைப் பொதுவாக வைத்துக்கொள்கிறது. டைனோ மென்பொருளில் எஸ்டிடி என்று வரும் பழைய முறை 15.6 டிகிரி, 1013 மில்லிபார். அதாவது குளிர்ந்த, அடர்ந்த காற்று. எனவே எஸ்டிடியில் எண் எப்போதும் பெரிதாக வரும்.

எவ்வளவு பெரிதாக? என் சென்னைத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பட்டறையில் 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம், காற்றழுத்தம் 1004. திருத்தாத அளவு 164.4. எஸ்ஏஇ காரணி 1.04, அதனால் 171. அதே ரன்னை, வண்டியைத் தொடாமல், மென்பொருளில் எஸ்டிடி என்று ஒரு கிளிக் செய்தால் காரணி 1.077, எண் 177. ஒரு ஸ்பேனர்கூடத் தூக்காமல் ஆறு எச்பி! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆனது. பெங்களூர்த் தாளைப் பார்த்த அன்று நான் 171-ஐயும் 183-ஐயும் நேருக்கு நேர் கழித்திருந்தேன். இரண்டும் வேறு வேறு நாணயம்.

ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. சென்னையின் மே மாதக் காற்றில் 35 மில்லிபார் அளவுக்கு வெறும் நீராவி. அந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. எனவே அழுத்தமானி 1004 என்று காட்டினாலும் எஞ்சினுக்குக் கிடைப்பது 969 மில்லிபார் உலர்ந்த காற்றுதான். காரணி கணக்கிடும்போது ஈரப்பதத்தைச் சரியாகக் கொடுக்காத பட்டறையில் சென்னை வண்டிகள் எல்லாம் கொஞ்சம் நோஞ்சானாகவே தெரியும்.

சரி, பெங்களூர்க் கணக்குக்கு வருகிறேன். அந்தத் தாளில் திருத்தாத அளவு 155 என்று இருந்தது. அன்று வெளியில் 27 டிகிரி இருக்கும். அந்தக் காற்றுக்கு எஸ்டிடி காரணி 1.158 வர வேண்டும், 1.18 வரக் கூடாது. 1.18 எங்கிருந்து வந்தது? அன்று நான் கைபேசியில் எடுத்த படங்களைப் புரட்டினேன். ஒரு படத்தில் டைனோவின் வானிலைப் பெட்டி தெரிந்தது. வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் உள்ளங்கை அளவுச் சின்னப் பெட்டி அது. ஏர் கம்ப்ரசரின் தலைமேல், என் வண்டியின் சைலன்சர் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. கம்ப்ரசர் சூடு, எக்ஸாஸ்ட் சூடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் திரையில் 38 டிகிரி. என் வண்டி மூக்கு வாசலில் 27 டிகிரிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. ‘பாவம், இவ்வளவு சூட்டில் 155 தருகிறதே’ என்று மென்பொருள் இரக்கப்பட்டு இன்னும் மூன்றரை எச்பியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

அதே 155-ஐச் சரியான வெப்பத்தோடு, எஸ்ஏஇ முறையில் திருத்தினால் காரணி 1.134. வருவது 176. ஆக, 171-க்கும் 176-க்கும் நடுவில் ஐந்து. மிச்ச ஏழில் பாதி எஸ்டிடி, பாதி கம்ப்ரசர்.

அந்த ஐந்தைக்கூட நான் உடனே நம்பவில்லை. காரணமும் உண்டு. திருத்தக் காரணி ஒரு மதிப்பீடுதான். எஞ்சின் சோதனைக்கான ஐஎஸ்ஓ விதிகளில் காரணி 0.93-க்கும் 1.07-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். ஏழு சதவீதத்துக்கு மேல் திருத்தம் தேவைப்படும் காற்றில் எடுத்த அளவை அப்படியே நம்பிவிட முடியாது என்று பொருள். பெங்களூரில் எந்த நாளில் எடுத்தாலும் பதிமூன்று சதவீதம் பக்கம் போகிறது. பெங்களூர் டைனோக்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே எடுத்த தாளை அங்கேயே எடுத்த இன்னொரு தாளோடு ஒப்பிடலாம், தாராளமாக. சென்னைத் தாளோடு வைத்து ஒன்று இரண்டு எச்பி வித்தியாசத்தைப் பேச முடியாது, அவ்வளவுதான்.

பெங்களூர்ப் பட்டறைக்குப் போன் செய்தேன். சண்டை போடும் எண்ணம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான். பட்டறைக்காரர் மறைக்கவும் இல்லை. “சார், எல்லாரும் எஸ்டிடிதான் கேக்கறாங்க. நெட்ல பாக்கற நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கு. நான் எஸ்ஏஇ குடுத்தா, பக்கத்துக் கடையில அதிகம் வருதுன்னு போயிடறாங்க” என்றார். பெட்டி இருந்த இடத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மாற்றி வைக்கிறேன் என்றார். மாற்றியும் வைத்தார், போன மாதம் போனபோது பார்த்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிய எண்ணைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பழைய சென்னைப் பட்டறைக்கே போனேன். காலை ஏழு மணிக்கெல்லாம் ட்யூனர் அண்ணா ஷட்டரைத் தூக்கிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, “தம்பி, இன்னிக்கு நம்பரைப் பாக்காதீங்க. வித்தியாசத்தை மட்டும் பாருங்க” என்றார். அன்றைய நாளை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்த விஷயத்தில் நான் கற்றது எல்லாம் அந்த ஒரு பட்டறைக்குள், அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான்.

முதலில் டயரில் காற்று. பின்சக்கரத்துக்கு 42 பிஎஸ்ஐ, கம்பெனி சொல்வது. செயின் தளர்வைப் பார்த்து எண்ணெய் விட்டார். டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்தார். முன்சக்கரம் நிற்கும்போது பின்சக்கரம் மட்டும் பறந்தால், வழுக்குகிறது என்று நினைத்து ஈசியூ சக்தியை வெட்டிவிடும். பிறகு ஸ்ட்ராப். அதை அவர் இறுக்கிய விதத்தை நான் இதற்குமுன் கவனித்ததில்லை. ராட்செட்டில் இத்தனை சொடுக்கு என்று எண்ணி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்தார். வானிலைப் பெட்டியை ஏர் இன்டேக் பக்கத்தில், காற்றாடிக்கு நேரே இல்லாமல், ஒரு ஸ்டாண்டில் வைத்தார். கூலன்ட் 85 டிகிரி வந்த பிறகுதான் ஒவ்வொரு ரன்னும். அளக்காத சூடு-ரன் இரண்டு முதலில். எண்ணெயும் டயரும் சூடாகாமல் எடுக்கும் முதல் ரன் எப்போதும் இரண்டு மூன்று குறைவாகத்தான் வரும் என்றார்.

நாலாவது கியர். ரெட்லைனில், அதாவது எஞ்சின் சுழலக்கூடிய உச்ச வேகத்தில், பின்சக்கரம் ஏறத்தாழ 260 கி.மீ. வேகத்தில் சுற்றும். நின்ற இடத்தில் 260 என்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. சத்தத்தைவிட, தரை வழியாகக் காலுக்கு ஏறும் அதிர்வுதான் நினைவில் இருக்கிறது. இங்கே ஒரு விஷயம். வண்டிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். டயரில் சிக்கிய சின்னக் கல் போதும், செயின் அறுந்தால் சொல்லவே வேண்டாம். கதவை அடைத்துக்கொண்டு டைனோ ஓட்டும் பட்டறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், தலைவலி வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

ரீமேப் செய்த நிலையில் மூன்று ரன்: 175.2, 176.1, 175.6. எல்லாம் எஸ்ஏஇ. ஒரே வண்டி, ஒரே ஆள், பத்து நிமிட இடைவெளி, அப்படியும் ஒரு எச்பி ஆடுகிறது. நல்ல டிரம், நல்ல கை இரண்டும் சேர்ந்தாலே இவ்வளவு ஆட்டம் இருக்கும். 160, 170 எச்பி வண்டியில் ‘இந்த ஃபில்டர் போட்டதும் ஒன்றரை எச்பி கூடியது’ என்று யாராவது ஒரே ஒரு ரன்னைக் காட்டினால், அந்த ஒன்றரை எதையும் சொல்லவில்லை.

அப்புறம் அண்ணா லேப்டாப்பைச் செருகி, சேமித்து வைத்திருந்த கம்பெனி மேப்பை ஏற்றினார். சைலன்சரும் ஃபில்டரும் அப்படியே, மேப் மட்டும் பழையது. 172.0, 171.6. மறுபடி புது மேப். 175.4. முதலில் இருந்த இடத்துக்கே திரும்பி வந்ததும்தான் இது நிஜ வித்தியாசம் என்று ஒப்புக்கொண்டார். முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று இரண்டே ரன் எடுத்தால், நடுவில் பட்டறை சூடாகியிருக்கலாம், டயர் சூடாகியிருக்கலாம், எது எதைச் செய்தது என்று தெரியாது. பழையது, புதியது, மறுபடி பழையது என்று போய்த் திரும்பினால்தான் தெரியும். மேப் மாற்றப் பத்து நிமிடம்தான் ஆகிறது. உங்கள் ட்யூனரிடம் இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இந்தக் கணக்கில் ஏறத்தாழ நாலு எச்பி மேப்பிலிருந்து வந்தது. சைலன்சரும் ஃபில்டரும் போட்ட வண்டி, பழைய மேப்பில், 2022-இல் கம்பெனி நிலையில் காட்டியதையே கிட்டத்தட்டக் காட்டியது. இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி அந்தச் சைலன்சர்களுக்குத்தான் போனது. சத்தம் அழகு, எடை குறைந்தது, அதை மறுக்கவில்லை. சக்தி என்று எடுத்துக்கொண்டால் டைனோவின் ஆட்டத்துக்குள் அடங்கிப்போகும் அளவு. 2022-இல் இருந்த டயர் வேறு, பெட்ரோல் வேறு, எனவே இதையும் முழுமுடிவாகச் சொல்ல மாட்டேன். ஒரே நாளில் சைலன்சரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தால் சொல்லலாம். அன்று அதற்கு நேரம் இல்லை.

மதியம் ஆனதும் எனக்கு ஆசை வந்தது. வேண்டுமென்றே தப்பாகச் செய்து பார்ப்போமா என்றேன். அண்ணா சரி என்றார். ஸ்ட்ராப்பை ராட்செட் இனி நகராது என்கிற வரை இறுக்கினோம்: 173. டயர் டிரம்மில் நசுங்கி, உருளவே சக்தியைத் தின்கிறது. ஸ்ட்ராப்பைப் பழையபடி வைத்து டயரில் 32 பிஎஸ்ஐ: 173.8. காற்றைச் சரிசெய்து மூன்றாவது கியரில் ஓட்டினால்: 172.5. கீழ் கியரில் எஞ்சின் வேகமாக ஏறுகிறது, கிராங்க், கிளட்ச், சக்கரம் என்று எஞ்சின் தன்னையே முடுக்கிக்கொள்ள அதிகம் செலவாகிறது, டிரம்முக்கு மிச்சம்தான் வரும். கடைசியில் முன்னால் இருந்த பெரிய காற்றாடியை நிறுத்திவிட்டு, கூலன்ட் நூறு டிகிரி தாண்டும் வரை வண்டியை நிற்க வைத்து ஒரு ரன்: 170. சூடான காற்றைக் குடித்த எஞ்சின் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, பின்வாங்கிக்கொண்டது. ஸ்டாண்டில் இருந்த வானிலைப் பெட்டிக்கு இது எதுவும் தெரியாது.

அந்த 170-ஐப் பார்த்துக்கொண்டு இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம். யாருக்காவது ஐந்தாறு எச்பி கூட்டிக் காட்ட வேண்டுமென்றால் எதையும் கூட்டவே வேண்டாம். முதல் ரன்னைக் குறைத்தால் போதும். காற்றாடி இல்லாமல், கொதிக்கும் எஞ்சினோடு ‘முன்பு’ எடுத்துவிட்டு, வேலை முடிந்து ஆறிய வண்டியில் காற்றாடியோடு ‘பின்பு’ எடுத்தால் கிராஃப் அழகாக மேலே ஏறும். எனவே, மாற்றத்துக்கு முந்தைய ரன் நடக்கும்போது கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். பின்பு எடுக்கும் ரன்னைப் பார்க்க எல்லோரும் ஆவலாக வருவார்கள், முன்பு எடுப்பதை யாரும் பார்ப்பதில்லை.

டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை, பற்றியும் ஒன்று. இனர்ஷியா டைனோவில் எச்பி நேராக டிரம்மிலிருந்து வருகிறது. டார்க் அப்படி வருவதில்லை, எச்பியை எஞ்சின் ஆர்பிஎம்மால் வகுத்து வருகிறது. ஹயபூசா போன்ற வண்டிகளில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் ஸ்பார்க் பிளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், ஆர்பிஎம் படிக்கக் கிளிப் மாட்ட வயரே கிடையாது. அதனால் பல பட்டறைகளில் 4,000 ஆர்பிஎம்மில் வண்டியைப் பிடித்து நிறுத்தி, மீட்டரைப் பார்த்து டைனோவுக்குச் சொல்லிவிடுகிறார்கள். மீட்டர் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டினால் டார்க் மூன்று சதவீதம் குறைந்து வரும், எச்பி மட்டும் சரியாகவே இருக்கும். தாளைச் சரிபார்க்க ஒரு எளிய வழி: டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட். அதை 0.7457-ஆல் வகுத்தால் எச்பி. கம்பெனி சொல்லும் 150 நியூட்டன் மீட்டரும் 7,000 ஆர்பிஎம்மும் போட்டால் 110 கிலோவாட், 147 எச்பி. டார்க்கைப் பவுண்டு-அடியில் போட்ட கிராஃப் என்றால், ஒரே அளவுகோலில் எச்பி கோடும் டார்க் கோடும் 5,252 ஆர்பிஎம்மில் ஒன்றையொன்று வெட்டியே ஆக வேண்டும். வேறு இடத்தில் வெட்டினால் அந்தக் கிராஃபை மூடி வைத்துவிடலாம்.

‘கம்பெனி 190 சொல்கிறது, எனக்கு 171-தான் வருகிறது, வண்டியில் ஏதோ கோளாறு’ என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். முதலில், 190 என்பது பி.எஸ்., அதாவது எச்பியைவிடக் கொஞ்சம் சிறிய மெட்ரிக் அலகு. எச்பியில் அது 187. அடுத்து, அது எஞ்சினின் கிராங்கில் அளந்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வருவதற்குள் பத்துச் சதவீதம் பக்கம் குறைவது இயல்பு. சிலர் சக்கரத்தில் வந்ததைப் பதினைந்து சதவீதம் கூட்டி ‘என் எஞ்சின் 200’ என்று சொல்கிறார்கள். அந்தப் பதினைந்தை யாரும் அளக்கவில்லை. சக்கரத்தில் அளந்ததைச் சக்கரத்து எண்ணாகவே சொல்வதுதான் நேர்மை.

இன்னொன்றையும் டைனோவால் காட்ட முடியாது. நண்பரின் கவாசாகி இசட்எக்ஸ்-10ஆருக்குக் கம்பெனி 203 பி.எஸ். சொல்கிறது, ராம் ஏரோடு 213. முன்னால் இருக்கும் துளை வழியே வேகமாக வரும் காற்று ஏர்பாக்ஸை அழுத்தி நிரப்புவதால் கூடும் பத்து அது. எந்தப் பட்டறைக் காற்றாடியும் 250 கி.மீ. வேகக் காற்றைத் தராது. ஹயபூசாவிலும் அதே வகை ஏற்பாடு உண்டு. டைனோவில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பெட்ரோல் அளவு, நெடுஞ்சாலை வேகத்தில் காற்று கூடும்போது கொஞ்சம் வறண்டு போகலாம், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகலாம். மேல் ஆர்பிஎம் மேப்பை அண்ணா எப்போதும் ஒரு மயிரிழை செழிப்பாகவே, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே, விடுவது அதனால்தான்.

எடி கரண்ட் பிரேக் (காந்தத்தால் சுழற்சியைத் தடுக்கும் பிரேக்) உள்ள லோட் டைனோவில் ஓட்டினால் எண் மறுபடி மாறும். அது வண்டியை ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும், மேப் எழுத அதுதான் வசதி. ஆனால் அதில் அளப்பது விசையை உணரும் ஒரு லோட் செல், அதற்குக் காலிபிரேஷன், அதாவது தெரிந்த எடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல், வேண்டும். ஒரு மீட்டர் கையில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் திரையில் 98 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். கடைசியாக எப்போது தொங்கவிட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

அன்று புறப்படும் முன் அண்ணா இரண்டு மேப்பின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டினார். கோட்டின் ஏற்ற இறக்கங்களை மழுப்பிவிடும் ஸ்மூத்திங்கை முழுவதும் குறைத்துவிட்டு. மேலே நாலு எச்பி. கீழே 4,000 ஆர்பிஎம் பக்கம் பழைய மேப்பில் ஒரு பள்ளம் இருந்தது, புது மேப்பில் அது நிரம்பி ஆறு நியூட்டன் மீட்டர் கூடியிருந்தது. ஸ்மூத்திங் அதிகம் வைத்த என் பெங்களூர்த் தாளில் அந்தப் பள்ளமே தெரியவில்லை. கிருஷ்ணகிரி சாலையில் ஆறாவது கியரிலேயே லாரியைத் தாண்டும்போது நான் தினமும் உணர்வது அந்த ஆறைத்தான், நண்பர் டிராக்கில் சொன்னதும் அதைத்தான். சுஸூகியே முந்தைய தலைமுறையின் 197 பி.எஸ்.ஸிலிருந்து 190-க்கு இறங்கி, நடு ஆர்பிஎம் இழுவையைக் கூட்டித்தானே இந்த வண்டியைச் செய்தது.

என் பேச்சைக் கேட்டு அதே வேலையைச் செய்த நண்பரிடம் இரண்டு தாள்களையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டிக்கு முன்பு எடுத்த ரன்னே கிடையாது, பின்பு எடுத்தது மட்டும்தான். அவரிடமும் பழைய மேப் கோப்பு இருக்கிறது. அடுத்த மாதம் எனக்குச் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றும் முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை என்று அண்ணாவிடம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நண்பரும் வருகிறார். சுவரில் சாக்பீஸ் எண்ணிக்கையை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.